பூவைத் தாங்கும் வெறுஞ்சுவர்

அயோவா மாநிலத்துக் கிரினெல் சின்ன ஊர். அங்கே நாலாவது அவென்யூவும் பிராட் தெருவும் கூடுகிற முக்கில் ஒரு பழைய வங்கிக் கட்டடம் நிற்கிறது. முதல் தடவை போனபோது கேமராவோடு போனேன். எண்பது படம் எடுத்தும் ஒன்றும் புரியவில்லை. அடுத்த தடவை கவராயமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். செங்கல்லோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான். ஒரு கட்டடத்தைக் கையால் வரைந்து பார்க்காமல் அது எனக்குப் பிடிபடுவதில்லை.

1914இல் மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கிக்காக லூயி சல்லிவன் கட்டியது இது. சிகாகோவின் ஆடிட்டோரியம், செயின்ட் லூயிசின் வெயின்ரைட் கட்டடம் என்று பெரிய வேலைகள் பார்த்த மனிதர். ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்கு வாத்தியார். தொழில் கூட்டாளியான ஆட்லரை 1895இல் பிரிந்தபின் வேலை வருவது குறைந்தது. 1909இல் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். கடைசிக் காலத்தில் அவருக்குச் சோறு போட்டவை மத்திய மேற்கின் சிற்றூர் வங்கிகள். ஒவாடொன்னா, சீடர் ராபிட்ஸ், சிட்னி, கொலம்பஸ் என்று வரிசையாக வந்த அவற்றை ‘நகைப்பெட்டிகள்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். 1908இல் முடிந்த ஒவாடொன்னாதான் அவற்றில் பெரிய சாதனை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் உதவியாளர் எல்ம்ஸ்லியின் கை நிறையக் கலந்திருக்கிறது. 1909இல் அவரும் விலகிப்போனார். கிரினெலில் தெரிவது கிழவரின் சொந்தப் பிடிவாதம். இங்கே வந்தவர் பக்கத்து மருந்துக்கடையில் காகிதம் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வரைந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வாங்கின காகிதம் வீண்போகவில்லை.

அந்தக் காலத்து அமெரிக்க வங்கி என்றால் ரோமானியத் தூண் நாலு, மேலே முக்கோண முகப்பு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சி கிளப்பிவிட்ட மோகம் அது. சல்லிவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவர் வைத்தது ஒரு செங்கல் பெட்டி, அவ்வளவுதான். தெற்கு முகத்தில் ஒரு வாசல். வாசலுக்கு மேல் வட்டச் சன்னல். அதைச் சுற்றிச் சுடுமண்ணில் விரிந்த ஒரு பிரமாண்டப் பூ. வாசலின் இருபுறமும் பொன் பூசிய, சிறகு முளைத்த சிங்கங்கள்.

எல்லாரும் பூவைப் பார்ப்பார்கள். நான் சுவரிலிருந்து தொடங்கினேன். களிமண்ணை அச்சின் வழியே தள்ளிக் கம்பியால் அறுத்த கல் அது. அறுத்த முகத்தின் சொரசொரப்பை மழிக்காமல் வெளியே காட்டியிருக்கிறார்கள். சூளையில் நெருப்புப் பட்ட அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு கல்லும் ஒரு நிறம். நம் தளங்களில் நிறம் மாறின கல்லைப் பொறுக்கி ஒதுக்குவோம். இவர் வேண்டுமென்றே கலந்து அடுக்கச் சொன்னார். இந்தக் கல்லைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே எழுதியிருக்கிறார். அதில் அவர் ஒப்பிடுவது பழைய கீழைநாட்டுக் கம்பளத்தை. பத்தடி தள்ளி நின்றால் சுவர் ஒரே பழுப்பு. கிட்டே போகப் போகத்தான் கம்பளம் தெரிகிறது.

பிறகு பூ. வெளியோரத்து இலையிலிருந்து தொடங்கி உள்ளே வந்தேன். மூன்று தாள் போயிற்று. நடுவுக்கு வருவதற்குள் எல்லாம் கோணிக்கொண்டது. நாலாவது தாளில் நடுவில் முள்ளைக் குத்தி வட்டம் போட்டேன். அதன்மேல் சதுரம், சதுரத்தைச் சாய்த்து இன்னொன்று, மறுபடி வட்டம். ஏறக்குறைய நம் வாசல் கோலம் மாதிரி, அடியில் கணக்குச் சரியாக உட்கார்ந்தபின் இலையும் சுருளும் தாமாகவே இடம்தேடி வந்தன. இரண்டு நாளில் நான் கற்றது இந்த வரிசையைத்தான். அவருடைய இலை கணக்கிலிருந்து முளைக்கிறது. மேலே கொண்டுபோய் ஒட்டவைத்ததில்லை அது.

அந்தப் பென்சில் கோட்டைச் சுடுமண் ஆக்குவது வேறொரு கூட்டத்தின் வேலை. சல்லிவனின் அலங்காரங்களில் பலவற்றை மண்ணில் உருவாக்கியவர் கிறிஸ்டியன் ஷ்னைடர் என்ற நார்வேக்காரர். காயும்போதும் சுடும்போதும் மண் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் மாதிரியையே அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யவேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் அச்செடுத்து, ஈரமண்ணை விரலால் அழுத்தி, முதுகுப்பக்கம் குடைவாக விட்டுச் சுடுவார்கள். சுருக்கம் கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துத் துண்டோடு சுருள் சேராது. அவ்வளவு பெரிய வட்டத்தில் இணைப்பைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

வடிவம் பயன்பாட்டைத் தொடரும் என்று சொல்லிப் பேரெடுத்தவரும் இவரேதான். அப்படியானால் இந்தப் பூ எதற்கு? உள்ளே போனால் சிக்கல் கூடுகிறது. அறைக்கு வெளிச்சம் கொடுப்பவை கிழக்குச் சுவரின் அகலமான வண்ணக் கண்ணாடிச் சன்னலும் கூரைக் கண்ணாடியும். வட்டச் சன்னல் பெயருக்குத்தான். உள்ளிருந்து பார்த்தால் சாது. வெளியேதான் அத்தனை ஆர்ப்பாட்டம். எனக்குத் தோன்றுவது இது: சோளம் விற்ற காசை மடியில் கட்டிவருகிற உழவன் தூணுக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை. வாசல் எது என்று தெரிந்தால் போதும். தெருக்கோடியிலிருந்தே அதைச் சொல்லிவிடுகிறது அந்தப் பூ. இதுவும் பயன்பாட்டில் சேர்த்திதானே? ஒரு குறையும் சொல்லவேண்டும். பூவின் கனத்தில் வாசல் கொஞ்சம் நசுங்கித்தான் நிற்கிறது. சிங்கங்கள் இல்லாவிட்டால் இன்னும் நசுங்கியிருக்கும்.

இப்போது அங்கே வங்கி இல்லை. உள்ளூர் வணிகச் சங்கத்தின் அலுவலகம். பணம் எண்ணிய கூடத்தில் ஊர் வரைபடம் கேட்டு ஆள் வருகிறது.

ஊர் திரும்பியதும், கையிலிருந்த ஒரு வீட்டின் வரைபடத்தை எடுத்து, முகப்பு முழுக்க நான் இழைத்துவைத்திருந்த செங்கல் சாளர வேலையில் முக்கால்வாசியை அழித்தேன். “சுவர் மொட்டையா இருக்கே சார்?” என்றார் மேஸ்திரி. வாசலுக்கு மேல் மீதி வைத்திருந்த ஒரு முழ அகலத்தைக் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்தார். “அப்ப இந்த எடத்துல கல்லப் பொறுக்கித்தான் வைக்கணும்” என்று லாரியிலிருந்து இறங்கின கற்களைப் பார்க்கப் போனார்.