ஃபேன் நின்னா கடல் கேட்கும்!

பாண்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மஞ்சள் சுவர், காகிதப்பூ, பீச் ரோடு, காந்தி சிலை... எல்லாமே கண்ணுக்குத்தான். காதுக்குன்னு ஒரு பாண்டி இருக்கு பாஸ். அதைக் கேட்க டிக்கெட் வேண்டாம், பைக் வேண்டாம். ஹாஸ்டல் ரூம்ல சும்மா படுத்திருந்தா போதும்!

டவுன்ல இருந்து வடக்கே பத்து கிலோமீட்டர் தாண்டினா காலாப்பட்டு. 1985-ல் ஆரம்பித்த புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கேதான். ஈ.சி.ஆரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தா கடல். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் ஒரே வராண்டாவில் மலையாளம், தெலுங்கு, ஒடியா, வங்காளம், இந்தி, நம்ம தமிழ் எல்லாம் ஓடும். சேனல் மாற்ற ரிமோட்டே தேவையில்லை. நாலடி தள்ளி நின்னா போதும்!

காலை 6 மணி: வாளி வித்வான்கள்

முதல் கச்சேரி பாத்ரூமில். குழாயைத் திறந்ததும் காலி வாளி 'டொம டொம'ன்னு அடித்தொண்டையில் ஆரம்பிக்கும். தண்ணி ஏற ஏற ஸ்ருதியும் ஏறும். வாளிக்குள் மிச்சமிருக்கிற காற்றின் நீளம் குறையக் குறைய ஒலி மேலே போகுது, புல்லாங்குழல் கணக்குதான். அதனால்தான் சீனியர்கள் கண்ணை மூடிப் பல் தேய்ச்சுக்கிட்டே, வாளி வழியும் முன்னாடி கரெக்டா குழாயை மூடுறாங்க. மேஜிக் இல்லை மச்சான், காது!

கூடவே நாலு செல்போன் அலாரம். யாருடையது அடிக்குதோ அவனைத் தவிர எல்லாரும் எழுந்திருப்பாங்க. இது எல்லா ஹாஸ்டலுக்கும் பொது விதி.

மதியம்: ஃபேன் ஜோசியம்

ஃபேன் நம்மகிட்ட நிறைய பேசும். 'டிக்... டிக்...'ன்னா எங்கேயோ ஒரு ஸ்க்ரூ லூஸ். 'கர்ர்ர்'ன்னா பேரிங் காய்ஞ்சு போச்சு. சத்தமே இல்லாம சோம்பேறித்தனமா சுத்தினா, பெரும்பாலும் கண்டென்சர் வீக். எலெக்ட்ரீஷியன் அண்ணா வந்தா முதல்ல நிமிர்ந்து பார்க்க மாட்டார், கொஞ்ச நேரம் கேட்பார்.

பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டுக்கும் ஒரு 'ம்ம்ம்' உண்டு. நம்ம கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சோக் ரெண்டு தடவை அதிரும், ஆக விநாடிக்கு 100. எல்.இ.டி. வந்த ரூம்களில் அந்த 'ம்ம்ம்' போயே போச்சு. இன்னும் பழைய லைட் மாட்டியிருந்தா ஒரு தடவை கேட்டுக்கோங்க.

ராத்திரி 9.30: புரியாத பாஷை

எங்க ரூமில் ஒரு ஒடியா நண்பன். தினமும் இந்நேரத்துக்கு வராண்டாவில் நின்னு அம்மாவோட பேசுவான். ஒரு வார்த்தை புரியாது. ஆனா 'சாப்ட்டியா?' மட்டும் எந்த பாஷையிலும் ஒரே ராகம்தானே! அந்தக் குரல்தான் எங்களுக்குக் கடிகாரம்.

மூணாவது செமஸ்டரில் நாலு நாள் அந்தக் குரல் கேட்கலை. 'டப் டப்'புன்னு வர்ற செருப்புச் சத்தமும் 'சரக்... சரக்'ன்னு இழுபட ஆரம்பிச்சது. முகத்தில் மட்டும் அதே சிரிப்பு. ஐந்தாம் நாள் எங்களில் ஒருத்தன் அரைகுறை இந்தியில் கேட்டான்: "என்னடா, அம்மாகிட்ட பேசுறதே இல்லையா?" அவ்வளவுதான், உடைஞ்சு அழுதுட்டான். அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போக டிக்கெட்டே எடுத்து வெச்சிருந்தான். விடிய விடியப் பேசினோம். காலையில் எல்லாருமா டிபார்ட்மென்டுக்குப் போனோம். ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டோம், மெஸ் பில்லுக்கு அவகாசம் வாங்கினோம். டிக்கெட் கேன்சல்! டிகிரியோடதான் ஊருக்குப் போனான்.

அந்த நாலு நாளும் நாங்க எல்லாரும் இயர்போன் மாட்டியிருந்தா?

நள்ளிரவு: நிஜமான பாண்டி

கரண்ட் போகணும். அப்பதான் தெரியும். அத்தனை ரூம் ஃபேனும் ஒரே நேரத்தில் அடங்கும். முதல்ல பல்லி. அப்புறம் சவுக்கு மரத்தில் காற்று. ஈ.சி.ஆரில் சென்னை போற பஸ். அதுக்கும் பின்னாடி, மெதுவா... கடல்! ராத்திரியில் தரை சீக்கிரம் குளிரும். தரையை ஒட்டின காற்று குளிர்ந்து, மேலே இருப்பது சூடா இருந்தா, ஒலி மேலே தப்பிப் போகாம வளைஞ்சு நம்மகிட்டயே இறங்கும். பகலில் கேட்காத தூரத்துச் சத்தம் ராத்திரியில் கேட்பது இதனால்தான்.

அதே காற்று மிரட்டவும் செய்யும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. அன்னிக்கு இங்கே இருந்தவங்களிடம் கேட்டுப் பாருங்க. கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதைத்தான் முதல்ல சொல்வாங்க.

1952-ல் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 4 நிமிடம் 33 விநாடிக்கு ஒரு படைப்பு செய்தார். பியானோ கலைஞர் மேடையில் உட்கார்ந்து ஒரு ஸ்வரம்கூட வாசிக்க மாட்டார். அரங்கத்தில் தானா கேட்கிற சத்தங்கள்தான் இசை. நம்ம ஹாஸ்டலில் அது தினமும் ஃப்ரீ ஷோ!

இன்னிக்கு ராத்திரி இயர்போனைக் கழட்டி வெச்சுட்டு ஒரு பத்து நிமிஷம் படுத்துப் பாருங்க. என்னென்ன கேட்குதுன்னு எண்ணுங்க. அப்புறம், வழக்கமா கேட்கிற எந்தக் குரல் இன்னிக்குக் கேட்கலைன்னும் பாருங்க. ஒண்ணு குறைஞ்சா எழுந்து போய்க் கதவைத் தட்டுங்க!