விமானத்தின் எரியெண்ணெய்

கொங்கு நாட்டு உழவர் கிணற்றை நம்பி வாழ்பவர். முன்னாளில் அவர்கள் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தனர். பின்னர்க் கோவையில் செய்யப்பெற்ற மின்பம்புகள் அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. தொட்டியில் விழும் நீர் வாய்க்காலில் ஓடி, மடை திறந்த பாத்தியிற் பாயும். சென்னிமலைப் படிகளில் ஏறுவோர் அண்ணாந்து நோக்குங்கால், கோவைக்குச் செல்லும் விமானம் சிலவேளை கண்ணிற்படும். அதனுள்ளும் இத்தகைய பாசனம் ஒன்று நடைபெறுகின்றது. ஆனால் அங்குப் பாய்வது நீரன்று. மண்ணெண்ணெய் இனத்தைச் சார்ந்த எரியெண்ணெய்.

அவ்வெண்ணெய் பெரும்பாலும் இறக்கைகளுக்குள்ளேயே இருக்கின்றது. பெரிய விமானங்களில் இதற்கெனத் தனிக் கலம் வைப்பதில்லை. இறக்கையின் உட்கூடே கசிவின்றி அடைக்கப்பெற்றுத் தொட்டியாகின்றது. இதில் ஒரு நயம் உண்டு. பறக்கும்போது காற்று இறக்கைகளை மேல்நோக்கி வளைக்க முயலும். உள்ளிருக்கும் எண்ணெயின் எடை கீழ்நோக்கி அழுத்தி அவ்வளைவைக் குறைக்கும். ஆதலின், நடுவுடலிலும் தொட்டியுடைய விமானங்களில் நடுத்தொட்டி எண்ணெயே பெரும்பாலும் முதலில் செலவிடப்படும். சுமையே துணையாவது வியப்பன்றோ!

தொட்டியின் அடியிலுள்ள பம்புகள் எண்ணெயைக் குழாய்களில் தள்ளுகின்றன. எண்ணெய் குறையக் குறையக் காற்று உட்புகுதற்குத் துளைவழிகளும், ஒரு பக்கத்து எண்ணெயை மறுபக்கத்து எஞ்சினுக்கு விடுதற்குக் குறுக்கு மடையும் உள்ளன. வானின் உயரத்தில் குளிர் மிகக் கொடியது. எண்ணெயிற் கலந்த சிறுதுளி நீரும் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடக் கூடும். இதனைத் தடுக்க, எஞ்சினில் ஓடிச் சூடேறிய மசகெண்ணெயின் வெப்பத்தால் எரியெண்ணெயை வெதுவெதுப்பாக்குகின்றனர். அதனால் மசகெண்ணெயும் குளிர்கின்றது. பின்னர் வடிகட்டியைக் கடந்து, உயர்ந்த அழுத்தம் பெற்று, வேண்டிய அளவே விடப்பட்டு, நுண்துளியாய்ச் சிதறி எரிகின்றது.

எண்ணெயை அளக்கும் முறையும் அறியத்தக்கது. வள்ளத்தால் அளந்த தானியத்தின் எடை, தானியத்திற்குத் தானியம் வேறுபடும். எரியெண்ணெயும் வெயிலில் விரியும், குளிரிற் சுருங்கும். எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆற்றல் எடையைப் பொறுத்தது. எனவே விமானிகள் எண்ணெயை எடையாற் கணக்கிடுவர்.

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவில் இக்கணக்குப் பிழைத்தது. அந்நாடு அப்போது பவுண்டு முறையை விடுத்துக் கிலோகிராம் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. போயிங் 767 விமானம் ஒன்றில் அளவுகாட்டி பழுதுற்றிருந்தமையால், தொட்டியிலிருந்த எண்ணெயை அளவுகோல் கொண்டு அளந்தனர். லிட்டரை எடையாக மாற்றுங்கால் கிலோகிராமுக்குரிய பெருக்கெண்ணை விட்டுப் பவுண்டுக்குரியதைக் கொண்டனர். 22,300 கிலோகிராம் வேண்டிய இடத்தில் அதிற் பாதிக்கும் குறைவே இருந்தது. பிழையை ஒருவரும் உணரவில்லை.

ஏறத்தாழ 41,000 அடி உயரத்திற் சென்றுகொண்டிருந்தபோது பம்புகளின் அழுத்தம் குறைவதாக எச்சரிக்கை ஒலித்தது. சிறிது நேரத்தில் எஞ்சின்கள் இரண்டும் ஓய்ந்தன. உள்ளே 69 உயிர்கள்! தலைமை விமானி பியர்சன், எஞ்சினில்லா மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி குவிண்டால், கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட படைத்தளம் ஒன்றை முன்பே அறிந்தவர். ஓசையடங்கிய அப்பெரும் விமானத்தைப் பருந்துபோல் மிதக்கவிட்டு அவ்வோடுதளத்தில் இறக்கினர். முன்சக்கரம் மடங்கி மூக்கு தரையில் உராய்ந்தது. எனினும் ஒருவரும் உயிரிழக்கவில்லை. அவ்விமானம் செப்பனிடப்பெற்று 2008 வரை பறந்தது.