தேவனாம்பட்டினத்தில் ஒரு பிறந்தநாள்



கடலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சென்றால், கடல் உங்களை எதிர்கொள்ளும் இடமே தேவனாம்பட்டினம். வழியில் பெரியார் அரசு கலைக் கல்லூரியைக் காண்பீர்கள். நான் பி.ஏ. படித்தது அங்கேதான். மாலை நேரத்தில் நகரத்து மக்கள் கூடும் 'சில்வர் பீச்' மணற்பரப்பையும், அதனை ஒட்டிய மீனவர் குடியிருப்பையும் அடுத்துக் காண்பீர்கள். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவோரில் பலர் அக்குடியிருப்புக்குள் நுழைவதில்லை. மூன்றாண்டுக் கல்லூரி வாழ்வில் நானும் ஒருநாள்கூட நுழைந்ததில்லை. என்னை அங்கே அழைத்துச் சென்றது ஒரு பேரழிவு.

பீரங்கி அளந்த ஊர்

கெடிலம் ஆறு கடலைத் தொடும் பகுதியில் புனித டேவிட் கோட்டையின் சிதைந்த எச்சங்களை இன்றும் காணலாம். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள நிலமெல்லாம் தங்களுக்கே உரியது என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்றே அழைக்கப்பட்டன. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இக்கோட்டையே தலைமையிடமாயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதனைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார்.

அன்று கடல் கடந்து வந்தவர்கள் நிலத்தை அளக்கப் பீரங்கியோடு வந்தனர். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே மணலில் மண்வெட்டியோடு வந்திறங்கிய சில அந்நியரை நான் கண்டேன். அவர்களைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, காலை எட்டரை மணியளவில் நம் கரையைத் தாக்கியது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் பறிபோயின. கடலூர் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் 600க்கும் மேற்பட்டோர். தேவனாம்பட்டினமும் தன் மக்களைப் பறிகொடுத்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

தெற்கே பரங்கிப்பேட்டையில் நம் ஜமாஅத்தார் உடனே களமிறங்கி, பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்குப் பல நாட்கள் உணவு சமைத்து வழங்கியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நான் அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவிலும் அரிசியும் துணியும் திரட்டித் தேவனாம்பட்டினத்திற்குக் கொண்டு சென்றோம். ஜெர்மனியிலிருந்து வந்த பதினொரு பேர் கொண்ட தொண்டர் குழு ஒன்று அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தது. கடற்கரையில் ஊர் ஊராகச் சென்று, இடிபாடுகளை அகற்றி, தற்காலிகக் குடில் கட்டுவதற்கு உதவுவது அவர்கள் வேலை. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால், அவர்களுக்கும் ஊராருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக என்னை விட்டுவிட்டார் எங்கள் உஸ்தாத்.

அக்குழுவில் என் வயதையொத்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஒருநாள் என்னைத் தனியே அழைத்துத் தயக்கத்தோடு கேட்டார்: "நாளை எனக்குப் பிறந்தநாள். எங்கள் நாட்டில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு இனிப்புத் தர வேண்டும். துக்கம் நிறைந்த இவ்வூரில் அது முறையாகுமா?"

எனக்கு விடை தெரியவில்லை. ஊர்ப் பெரியவரிடம் கேட்டேன். நீர் ததும்பிய கண்களோடு அவர் சொன்னார்: "தீட்டு எங்க வூட்டுக்குத்தான் தம்பி. அந்தப் புள்ளைக்கு என்ன? எங்க பசங்களும் பொங்கலுக்குக்கூட இனிப்பைப் பாக்கல. குடுக்கச் சொல்லு."

சொல்லாத நோன்பு

மறுநாள் 2005 ஜனவரி 17, திங்கட்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த துல்ஹஜ் பத்து. நான் நோன்பு நோற்றிருந்தேன்.

நண்பகலில் அந்த இளைஞர் குழந்தைகளுக்கு லட்டு வழங்கினார். அத்தோடு முடிந்துவிடும் என்றிருந்தோம். ஆனால் பேரனைக் கடலுக்குப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர், தார் அட்டைக் குடிலிலிருந்து ஒரு குண்டான் பாயசத்தோடு வெளியே வந்தார். "தாய் தகப்பனை வுட்டுட்டு எங்களுக்காவ வந்துருக்கு. பொறந்த நாளுல அது வாய் இனிக்காம போவலாமா?" என்றார். குழுவினர் அனைவருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை என்னிடமும் நீட்டினார்.

"வேண்டாம் ஆயா" என்றேன்.

நபிலான நோன்பை வெளியே சொன்னால் முகஸ்துதியாகிவிடுமோ என்ற அச்சம் எனக்கு. அந்த அச்சத்தில் வேறெதுவும் சொல்லாமல் நின்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது. "எங்க வூட்டுச் சோறுன்னா வாணாமா பாய் தம்பி? நீங்க குடுத்த அரிசிதானே இது?" என்று கேட்டார் அவர்.

வாசகர்களே, காலை முதல் எல்லாருடைய சொற்களையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் மௌனத்தை மொழிபெயர்க்கத் தெரியவில்லை! ஜெர்மானிய இளைஞர் ஆங்கிலத்தில் காரணம் கேட்டார். நோன்பு என்றேன். உடனே அவர் மூதாட்டியின் பக்கம் திரும்பி, கற்றுக்கொண்ட நாலைந்து தமிழ்ச் சொற்களைக் கூட்டிச் சொன்னார்: "ஆயா... தம்பி... சாப்பாடு இல்லை... இன்று... சாமி!" என்று வானத்தைக் காட்டினார். மொழிபெயர்ப்பாளனுக்கே அன்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வாய்த்தார்.

மூதாட்டியின் முகம் தெளிந்தது. "இத மொதல்லயே சொன்னா என்னா? எப்ப வாய் தொறப்ப?" என்று கேட்டார். பொழுது சாய்ந்ததும் என்றேன்.

பொழுது சாய்ந்தது. நாங்கள் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். நிவாரணத்தில் வந்த எவர்சில்வர் கிண்ணத்தை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு அவர் வந்தார். எனக்கு முன்பாகவே மேற்கு வானத்தைப் பார்த்து, "ஆச்சா தம்பி?" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிஸ்மி சொல்லி, அந்தப் பாயசத்தால் நோன்பு திறந்தேன். பக்கத்தில் நின்ற பிறந்தநாள்காரர் தம் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எனக்குத் தந்தார்.

உஸ்தாத் சொன்னது

இரவில் உஸ்தாதிடம் நடந்ததைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. நோன்பாளி விருந்துக்கு அழைக்கப்பட்டால், தாம் நோன்பாளி என்பதைச் சொல்லிவிடட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை நினைவூட்டினார். "அமலை மறைப்பது நல்லதுதான். ஆனால் உன் மறைப்பு ஓர் ஏழையின் மனத்தை உடைக்கக் கூடாது" என்றார். பிறகு புன்னகையோடு, "அது சரி, நீ நோன்பு வைத்த கிழமை என்ன?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை! அக்கிழமையில் நோன்பு நோற்பது பற்றி வினவப்பட்டபோது, தாம் பிறந்ததும் தமக்கு வேத வெளிப்பாடு வந்ததும் அந்நாளில்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பலமுறை ஓதிய ஹதீஸ்தான். அன்றிரவுதான் அதன் பொருள் எனக்குள் இறங்கிற்று.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே புகவில்லை. பிறந்த நாள் என்பது உயிர் தந்தவனுக்கு நன்றி செலுத்தும் நாள் என்பதை நம்மில் யாரும் மறுக்க மாட்டோம். அந்த நன்றி பசித்தவனின் வாயை இனிக்கச் செய்வதாகவும் இருக்கலாம். தன் வாயைக் கட்டுவதாகவும் இருக்கலாம்.

இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அக்குழு நாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டுச் சென்றது. அந்த இளைஞரை நான் பிறகு காணவில்லை. மூதாட்டியும் இன்றில்லை. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயலும் இக்கரையைச் சூறையாடிச் சென்றது. ஊர் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 காலையில் மக்கள் கரையில் கூடிக் கடலில் பால் ஊற்றி, மாண்டவர்களை நினைந்து அழுகின்றனர்.

நீங்கள் தேவனாம்பட்டினம் சென்றால் கோட்டையைப் பாருங்கள், கடலைப் பாருங்கள். அப்படியே குடியிருப்புக்குள்ளும் நடந்து ஒரு சலாமைப் போல ஒரு வணக்கம் சொல்லுங்கள். யாரேனும் ஒரு குவளை தேநீர் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நோன்பாயிருந்தால், தயங்காமல் அதனை வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.