இடிக்காமல் ஒரு வீடு

சென்னையிலிருக்கும் தம்பி போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணா, இங்கே பிளான் அப்ரூவல் உடனுக்குடன் வந்துடுது. நீ இன்னும் கல்கத்தாவிலே ஃபைலோட அலையறியா?" அவன் சொன்னது 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தை. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அவன் பேசுவது காலி மனையைப் பற்றி. நான் இருப்பதோ எழுந்து நிற்கும் வீட்டில்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாமனார் காலத்து வீடு. மாமியாரால் படியேற முடியவில்லை. கீழே ஓர் அறையும் குளியலறையும் வேண்டும், மாடியில் பிள்ளைக்கு ஓர் அறை வேண்டும். வந்த வங்காளி ஆர்க்கிடெக்ட் டேப்பை எடுக்கவே இல்லை. முதலில் சுவரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தார். "நோனா தொரெச்சே, தாதா" என்றார். உப்பேறிய ஈரம். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். கடி-பர்கா: உத்திரம், குறுக்குச் சட்டம், மேலே சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்பொடியும். நம்மூர் மெட்ராஸ் தெரஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்தச் சுவர்மேல், இந்தக் களிமண்மேல் கான்கிரீட் அறை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உத்திரம் மாற்றும் வேலைக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் வரைபடம் மாநகராட்சிக்குப் போகாது என்றும் சொன்னார். 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் அனுமதியில்லாமல் எழுந்த ஐந்து மாடி பக்கத்துக் குடிசைகள்மேல் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2025 ஜனவரியில் பாகாஜதீனில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் நிமிர்த்தும் வேலையின்போதே சாய்ந்தது. இந்த ஊரில் அந்தக் கையெழுத்தின் விலை தெரியும். 2014-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 61 பேரைப் புதைத்த கட்டடமோ அனுமதி பெற்றதுதான். ஆகவே அனுமதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைவிட, சுவரை யார் தொட்டுப் பார்த்தார்கள் என்பதே என் கேள்வி.

அந்த ஆர்க்கிடெக்ட் அம்மாள்மேல் எனக்கு உண்டான மதிப்பு வாசலில் உச்சத்துக்குப் போனது. தெருவை ஒட்டிச் சிவப்பு சிமெண்டில் இழைத்த ரொவாக் இருக்கிறது, நம் திண்ணையேதான். அதை உடைத்தால் கார் நிற்கும் என்றார் மைத்துனர். ஆர்க்கிடெக்ட் அசையவில்லை. மாலையில் தெருக்காரர்கள் உட்கார்ந்து பேசுமிடம், அது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை என்றார். எழுத்தாளர் அமித் சௌதுரி பத்தாண்டுகளாக இந்த ரொவாக்குகளுக்காகவும், மரச் சாய்பலகை வைத்த பச்சைக் கர்கரி ஜன்னல்களுக்காகவும், சிவப்புத் தரைகளுக்காகவும் வாதாடி வருகிறார். மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியல் பிரபுக்களின் மாளிகைகளைக் காக்கிறது. எங்கள் தெருவில் இருப்பவை போன்ற சாதாரண வீடுகளைக் காக்க ஆளில்லை. புரமோட்டர் இரண்டு ஃபிளாட் தருகிறேன் என்றால் வீடு தரைமட்டமாகிறது. கும்பகோணத்தில் எங்கள் தெருவின் திண்ணைகள் கிரில்லுக்கும் கார் சரிவுக்கும் போனபோது, ஒரு ஆர்க்கிடெக்டும் குறுக்கே நின்றதில்லை. இங்கே ஒருவர் நின்றார்.

ஆனால் கொத்துவேலையில் நான் வங்காளத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்களுக்கு வாய்த்த மிஸ்திரிகள் சுர்க்கிச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசி ஈரத்தை உள்ளேயே பூட்டுகிறார்கள். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கையைத் தேடி அலைந்தோம். செட்டிநாட்டில் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன, ஆத்தங்குடியில் தரைக்கல்லும் இன்னும் கையால்தான் வார்க்கிறார்கள். அங்கிருந்து ஒரு கொத்தனாரை வரவழைக்கலாம் என்று நான் சொன்னபோது ஆர்க்கிடெக்ட் உடனே சம்மதித்தார்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்: புதிதாகக் கட்ட உடனடி அனுமதி கொடுங்கள், சந்தோஷம். இடிப்பதற்கு மட்டும், அந்த வீட்டை நேரில் பார்த்த ஒரு ஆர்க்கிடெக்டின் கையெழுத்தை இரண்டு ஊரிலும் கேளுங்கள். அவன் பதில் சொல்லவில்லை. கொத்தனார் துர்கா பூஜை கழிந்து வருகிறார். மழை விட்டுச் சுவர் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு பிடிக்கும்.