கர்த்தருடைய வேளையும் நம்முடைய நாட்காட்டியும்

கிட்வாய் நகரில் எங்கள் இல்லத்தில் மாதந்தோறும் கூடும் குடும்ப ஜெபத்தில், கர்த்தருடைய வேளைக்காகக் காத்திருப்போம் என்று யாரேனும் ஒருவர் கூறாத நாள் இல்லை. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காத்திருத்தல் புதியதன்று. குடியிருப்புக்கு, பிள்ளையின் பள்ளி இடத்திற்கு, கோடை விடுமுறைப் பயணச் சீட்டிற்கு என, பட்டியலில் நம் பெயர் மேலேறுவதைப் பார்த்துக்கொண்டே ஆண்டுகள் கழிகின்றன. தேவனுடைய வேளையையும் அத்தகைய ஒரு பட்டியலாகவே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது தவறென்று உணர்ந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் அன்னையார் பொறையாற்றில் தனித்து வாழ்ந்து வந்தார். அவர் அருகில் இருக்க விரும்பி, ஆறு ஆண்டுகளுக்கு முன் தென்னக ரயில்வேக்கு மாற்றல் கோரி விண்ணப்பித்தோம். சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றல் பெறுவோர் பணிமூப்பை இழந்து கடைசியில் சேர வேண்டும், அதற்கும் சம்மதித்தோம். ஒவ்வோராண்டும் கிறிஸ்துமஸுக்குள் உத்தரவு வரவேண்டுமென்று தேவனுக்கே தவணை குறித்து ஜெபித்தோம். நிரந்தரமாகப் போகத்தானே போகிறோம் என்று எண்ணி, விடுப்பையும் பணத்தையும் சேர்த்து வைத்தோம்; ஊருக்குச் செல்வதை ஒத்திப்போட்டோம்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அன்னையார் ஒரே இரவு நோயுற்று, விடியுமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கே நாங்கள் போய்ச் சேர முடிந்தது. மூன்று மாதங்கள் கழித்து மாற்றல் உத்தரவு வந்தது! ஆறுதல் கூற வந்த அன்பர் ஒருவர், "எல்லாம் கர்த்தருடைய வேளை" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். எனினும் அச்சொல் எங்கள் நெஞ்சைச் சுட்டது. கோப்பு தாமதமானதற்கெல்லாம் தேவன்மேல் பொறுப்புச் சுமத்துவது விசுவாசமாகுமோ என்று கசந்துகொண்டோம்.

அக்கசப்பினிடையே எங்கள் நினைவு தரங்கம்பாடிக்குச் சென்றது. அன்னையாரை அடக்கம் செய்த மறுநாள், அங்குள்ள புதிய எருசலேம் ஆலயத்தில் பார்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரின் கல்லறை அருகே நெடுநேரம் அமர்ந்திருந்தோம். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அவர் அக்கரையில் இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே, டேனிஷ் அதிகாரியால் சிறையிலடைக்கப்பட்டார். நான்கு மாதங்கள் கழிந்தே வெளிவந்தார். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தும் அச்சிட வழியில்லை. பின்னர் லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். இவ்வளவும் கடந்து 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறியது.

பழைய ஏற்பாட்டை அவர் முடிக்கவில்லை. ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்து, 1719ஆம் ஆண்டு பிப்ரவரியில், 36ஆம் வயதில் காலமானார். எஞ்சியதைப் பெஞ்சமின் ஷுல்ட்சே ஐயர் முடித்தார். 1728இல் அப்பணி அச்சில் நிறைவெய்தியது. சீகன்பால்கு ஐயர் அதைக் காணவில்லை. ஆயினும் அவர் மேசையில் ஒரு நாளும் வெறுமையாய்க் கழிந்ததில்லை அன்றோ!

அவர் நின்றுபோன ரூத்தின் சரிதையும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவளின் சரிதையே. போவாசின் வயலுக்கு அவள் சென்றது எதிர்காலத்தைக் கணக்கிட்டன்று. அன்றைய உணவுக்குக் கதிர் பொறுக்கவே சென்றாள். தன் சந்ததியில் தாவீது அரசன் பிறப்பான் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

எங்கள் அன்னையாரும் அவ்வாறே வாழ்ந்தார். எங்களுக்காக ஏங்கினார், எனினும் ஏங்கிக்கொண்டே அமர்ந்திருக்கவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதக் கதைகள் சொல்லி வந்தார். அடக்கத்தன்று அப்பிள்ளைகள் வரிசையாக நின்றதைக் கண்டபோது, காத்திருக்கத் தெரிந்தவர் அவரே என்றும், நாங்கள் ஒத்திப்போடவே கற்றிருந்தோம் என்றும் விளங்கியது. தேவனுடைய வேளையை நம்புவதாவது, நாம் கேட்டது ஒரு நாள் கிடைத்தே தீரும் என்பதன்று. அது கிடைக்காமலும் போகலாம். முடிவை அவர் கையில் விட்டு, இன்று செய்ய வேண்டிய அன்பை இன்றே செய்வதுதான் அந்நம்பிக்கை.

மாற்றல் உத்தரவு வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் அடுக்கிலேயே, மகன் வெளிநாட்டிலிருக்க, முதியவர் ஒருவர் தனியே வாழ்கிறார். ஊருக்குப் போகப்போகிறவர்கள்தாமே நாம் என்று எண்ணி, ஆறு ஆண்டுகளாக அவர் கதவைத் தட்டியதில்லை. இப்பொழுது ஞாயிறுதோறும் அவரைத் தமிழ் ஆராதனைக்கு அழைத்துச் செல்கிறோம்.

வாசக அன்பர்களே, ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் இருப்பின், உத்தரவை எதிர்பாராதீர்கள். சேர்த்து வைத்த விடுப்பில் பத்து நாள் எடுத்து, இம்மாதமே போய் வாருங்கள்.