கடற்கரை வீட்டு ஓவன்

கோவளத்தில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பொருள்களின் ஆயுளைத் தனிக் கணக்கில் பார்க்கிறார்கள். தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ வருடக்கணக்கில் பளபளப்பாக இருக்கும் திருகாணி, இங்கே ஒரு மழைக்காலம் முடிவதற்குள் செம்பழுப்பேறிவிடும். ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், ஸ்கூட்டரின் சைலன்சர் என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. கேளம்பாக்கம் போகும் வழியில் பாத்தி கட்டி விளைவிக்கும் அதே உப்பு, நம் வீட்டுக்குள் கேட்காமலே வந்து படிகிறது.

உப்பு படிவதால் மட்டும் கேடு வந்துவிடாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, உலோகத்தின் மேல் கிடக்கும் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிறது. சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடும். துடைத்து வைத்த பாத்திரம்கூட விடிந்ததும் கை பட்டால் பிசுபிசுப்பது இதனால்தான். அந்தக் கரைசல் உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கும். மின்சாரம் போகக் கூடாத இடத்தில் அதற்கு வழியும் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் கேக்கும் பன்னும் செய்யும் மின்சார ஓவன், ஓடிஜி என்று எல்லோரும் சொல்கிறோமே அது, ஒரு டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தது. முதலில் சூடு விட்டு விட்டு வந்தது. கேக் மேலே நிறம் பிடித்தாலும் நடுவில் மாவாகவே இருந்தது. பிறகு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, உள்ளே சூடே இல்லை. கடையில் விசாரித்தால், "காயில் போயிருக்கும் சார். மாத்துற காசுக்குக் கொஞ்சம் சேத்துப் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். பக்கத்துத் தெருவில் படகு என்ஜின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்: "காயில அப்புறம் பாக்கலாம் தம்பி. மொதல்ல ஒயர் முனையெல்லாம் பாருங்க. உப்பு அங்கதான் போய் உக்காரும்."

அவர் சொன்னபடி ப்ளக்கைப் பிடுங்கி, ஓவன் முழுக்க ஆறிய பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே இருப்பது எளிய அமைப்பு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் டைமருக்குப் போகிறது. அங்கிருந்து தெர்மோஸ்டாட், அதன் பின் மேல் காயில், கீழ்க் காயில், இரண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், கடைசியில் காயில்கள். எங்கள் ஓவனில் சிவப்பு விளக்குக்கான ஒயர் டைமரிலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே விளக்கு எரிந்தால் டைமர் வரை மின்சாரம் வருகிறது என்று பொருள். பழுது அதற்கு அப்பால்தான் இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டுக்கொண்டே போவதுதான் பழுது பார்த்தலின் முழு இலக்கணமும்.

காயிலைக் குறை சொல்வதற்கு முன் அதை அளக்க வேண்டும். 1500 வாட் ஓவனில் இரண்டு காயில்கள் என்றால் ஒன்று 750 வாட். 230 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 70 ஓம் மின்தடை இருக்க வேண்டும். காயிலின் ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தபோது இரண்டுமே அந்த அளவை ஒட்டிக் காட்டின. போய்விட்டது என்று சொல்லப்பட்ட காயில்கள் முழு ஆரோக்கியத்தோடு இருந்தன. அதில் வியப்பில்லை. 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். சூடேறும்போது அந்தக் கம்பி தன் மேல் குரோமியம் ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்கிறது. செக்கச் சிவந்து எரிந்தாலும் அது அழியாமல் இருப்பது அந்தப் போர்வையால்தான். இன்று உலகம் முழுவதும் டோஸ்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஓவனும் உழைப்பது அந்தக் கண்டுபிடிப்பின் பலன்.

பழுது தெர்மோஸ்டாட்டின் வாயிலில் இருந்தது. அதில் செருகியிருந்த, ஒயர் முனையைக் கவ்வும் பித்தளை லக் பச்சை பூத்து, ஒரு பக்கம் கருகி, விரலால் தொட்டாலே ஆடியது. இரண்டு காயிலுக்கும் போகும் மின்சாரம் முழுவதும், அதாவது ஆறரை ஆம்பியர், அந்த ஒற்றை இணைப்பைக் கடந்தாக வேண்டும். உப்பும் களிம்பும் சேர்ந்து அங்கே வெறும் அரை ஓம் தடை உண்டானாலும் இருபது வாட்டுக்கு மேல் அந்த இடத்திலேயே வெப்பமாகிவிடும். ரேடியோ பழுது பார்க்கும் சிறு சால்டரிங் அயர்னின் சூடு அது. மிளகளவு இடத்தில் அந்தச் சூடு உட்கார்ந்தால் லக் தளர்கிறது; தளர்ந்தால் தடை கூடுகிறது; தடை கூடினால் சூடு இன்னும் ஏறுகிறது. உப்பு தொடங்கியதை நெருப்பு முடித்துவைக்கிறது.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை அல்ல என்றாலும் பொருளறிந்து செய்ய வேண்டும். கருகிய பகுதியை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் வரை ஒயரைச் சீவ வேண்டும். புது லக்கைப் பற்றவைக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கும் கருவியால் இறுக்க வேண்டும். வழக்கமான ஈயப் பற்று 183 டிகிரியில் உருகிவிடும். ஓவனோ 250 டிகிரி வரை போகிறது. வீட்டு வயரிங்குக்குப் போடும் சாதாரண பி.வி.சி. ஒயரும் இங்கே ஆகாது, அதன் உறை 70 டிகிரிக்கே உரியது. மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் கண்ணாடியிழை உறை போட்ட ஒயரும் நிக்கல் பூசிய லக்கும் கேட்டு வாங்கிப் போட்டோம். ஓவனின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

மழை நாள்களில் இன்னொரு தொல்லை தலைகாட்டியது. ஓவனைப் போட்டதும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ட்ரிப் ஆனது. இதற்குக் காரணம் காயிலின் உள்ளே இருக்கிறது. எஃகுக் குழாய்க்கும் அதனுள் ஓடும் நிக்ரோம் கம்பிக்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் அருமையான பொருள் அது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் பயன்படுத்தாமல் ஈரக்காற்றில் வைத்தால் குழாயின் முனை வழியே ஈரம் புகுந்து, மின்சாரம் உடம்புத் தகட்டுக்குக் கசியத் தொடங்கும். வீடுகளில் பொருத்தும் ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். காயிலைக் கழற்றி நல்ல வெயிலில் காயவைத்து, எலெக்ட்ரீஷியனை அழைத்து, மின்காப்பை அளக்கும் மெக்கரால் சோதித்த பிறகே மீண்டும் மாட்டினோம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரிப் ஆகிறதே என்று எர்த் ஒயரைக் கழற்றிவிடுவதும், ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுப்பதும் நம் ஊரில் நடக்கிற பழக்கம். அது பழுதுபார்ப்பே அல்ல. காவல்காரர் கூச்சல் போடுகிறார் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கும் செயல் அது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் சமையலறையில் அந்த எர்த் கம்பிதான் உயிர். அதேபோல மைக்ரோவேவை ஓடிஜி என்று எண்ணித் திறக்கவே கூடாது. அதன் கெபாசிட்டரில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

உப்பரிப்பைப் பற்றிய அறிவு நம் மண்ணிலேயே பெருமளவு விளைந்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடையளித்த 300 ஏக்கர் நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அதன் ஆய்வாளர்கள் மண்டபத்தில் கடற்காற்று படும்படி உலோகத் தகடுகளை நிறுத்தி, அவை எப்படித் தேய்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். அந்த அறிவு கப்பலுக்கும் பாலத்துக்கும் மட்டும் உரியதல்ல. கடலோரச் சமையலறைக்கும் வந்து சேர வேண்டும். கடலோரத்தில் விற்கும் பொருளின் உள்ளே பூசாத லக்கும் தகரத் திருகும் ஏன் இருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு கதவும் திறந்திருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்பில் வருகின்றன. உதிரிபாகமும் விளக்க ஏடும் கிடைத்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் ரிவெட் அடித்து மூடிய பெட்டி, திறக்காதே, தூக்கிப் போடு என்கிறது.

கோவளத்து மீனவர்கள் இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் ஆசான்கள். கரை வந்ததும் என்ஜினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் மணலில் உட்கார்ந்து அந்தக் கண்ணியைப் பின்னுகிறார்கள், வலையை வீசி எறிவதில்லை. கெட்ட பிறகு பார்க்கும் வேலையாக அல்லாமல், வைத்திருப்பதன் ஒரு பகுதியாகவே பழுதுபார்ப்பை அவர்கள் நினைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை ப்ளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, இணைப்புகளைத் துடைத்து இறுக்குவதை எங்கள் வீட்டிலும் வழக்கமாக்கிக்கொண்டோம். ஓவனுக்கும் மிக்சிக்கும் அது போதும். பெரும்பாலான பொருள்கள் அவற்றின் உயிர்நாடியில் கெடுவதில்லை. இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கெடுகின்றன. அந்த இடத்தைத் தேடிப் பார்க்கும் பொறுமை இருந்தால், குப்பைக்குப் போகும் பாதி இயந்திரங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.