வைரம் வாங்கப் போறீங்களா? வாயைத் திறங்க பாஸ்!

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க முடியும்னு சொல்வாங்க. சரி, அது வைரம்தான்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

எங்க ஊர் தேவதானம். ராஜபாளையத்துக்குப் பக்கத்துல, மலையடிவாரம். ஊர் சாமி பேரே நச்சாடை தவிர்த்தவர். சோழன் பரிசுன்னு அனுப்பின விஷ ஆடையிலிருந்து பாண்டியனை ஈசன் காப்பாத்தினார்னு தலபுராணம். ஆக, பளபளன்னு வர்றதை எல்லாம் அப்படியே நம்பக் கூடாதுங்கிறது எங்க ஊர் பாலபாடம்!

வர்ற தையில் அக்காவுக்குக் கல்யாணம். ஏழு கல் வைரத்தோடு போட்டுத்தான் அனுப்பணும்னு அம்மா ஒத்தைக் காலில் நின்னாங்க. கையில் இருந்தது ரெண்டு வருஷம் கட்டின சீட்டுப் பணம், ஒன்றரை லட்சம். ‘இன்ஜினீயரிங் படிக்கிற புள்ள’ங்கிற ஒரே தகுதியில், கல்லை செக் பண்ற வேலை என் தலையில்!

உட்கார்ந்து படிச்சேன். ஊதிப் பார்க்கிறது, தண்ணியில் போடுறது எல்லாம் சும்மா. ‘அமெரிக்கன் டைமண்ட்’னு நாம சொல்றது க்யூபிக் சிர்கோனியா. அதை வெப்பம் கடத்துற டெஸ்டர் பேனா காட்டிக் கொடுத்துடும். ஆனா, மாய்ஸனைட்னு ஒண்ணு இருக்கு... சிலிக்கான் கார்பைடு. அதை வெச்சாலும் பல பேனாக்கள் ‘பீப்’ அடிச்சு வைரம்னு சாதிக்கும்!

அடுத்த ட்விஸ்ட், ஆய்வகத்தில் வளர்க்கிற வைரம். அது போலி இல்லை, அதுவும் அசல் கார்பன்தான். இந்த ஆராய்ச்சிக்காக 2023-ல் சென்னை ஐ.ஐ.டி-க்கு மத்திய அரசு சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. பூமியில் எடுத்ததா, மெஷினில் வளர்த்ததான்னு கண்ணால் சொல்ல முடியாது. லேப் கருவிதான் சொல்லும். ஆனா விலை? வளர்த்த கல் பல மடங்கு மலிவு. அதை இயற்கை வைரத்தோட விலைக்கு வாங்கினா, சீட்டுப் பணம் கோவிந்தா!

முதல் கடை. “கல்லு எப்படிப் பேசுது பாருங்கக்கா”ன்னார் அண்ணாச்சி. “இயற்கைக் கல்லா, லேப் கல்லான்னு பில்லுல எழுதித் தருவீங்களா?”ன்னு கேட்டேன். “முப்பது வருஷக் கடை தம்பி, எங்க வார்த்தைதான் சர்ட்டிஃபிகேட்”னார். எழுந்து வந்துட்டோம்.

ரெண்டாவது கடையில் ஆய்வக சர்ட்டிஃபிகேட்டை எடுத்து வெச்சாங்க. நகையோட போட்டோ, கல் எண்ணிக்கை, மொத்த எடை, நிறம், சுத்தம், இயற்கையா இல்லையா... எல்லாம் இருந்துச்சு. அதிலுள்ள நம்பரை ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. மாதிரி ஆய்வகங்களோட இணையதளத்தில் அடிச்சு, அதே விவரம் வருதான்னு பார்த்துக்கலாம். பெரிய கல்லுன்னா அதன் விளிம்பிலேயே லேசரில் நம்பர் பொறிச்சிருப்பாங்க, லென்ஸில் தெரியும். இன்னொண்ணு, நகையில் இருக்கும் ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு இல்லை. தங்கத்தில் காரட்னா சுத்தம், வைரத்தில் எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட்.

எல்லாம் சரின்னு நான் தலையாட்ட, அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. “அண்ணே, நாளைக்கு ஒரு அவசரம்னா எம் பொண்ணு இதை வித்தா போட்ட காசு வருமா?”

நான் படிச்ச எதிலும் சிக்காத கேள்வி!

கடைக்காரர் மறைக்கலை. “தங்கம் மாதிரி இதுக்கு தினசரி ரேட் கிடையாதுக்கா. எங்ககிட்ட மாத்தினா எவ்வளவு கழிப்போம்னு பில்லுல எழுதித் தர்றேன். வெளியில வித்தா ரொம்பக் குறையும்.”

அம்மா கொஞ்ச நேரம் தோட்டையே பார்த்தாங்க. அப்புறம், “ஒத்தைக்கல் மூக்குத்தி மட்டும் வைரத்துல போடுங்க. மிச்சத்துக்குத் தங்கம்”னாங்க. அக்கா முகத்தில் டபுள் ஓகே!

நீங்க வாங்கப் போனாலும் தயங்காம கேளுங்க. இயற்கையா, லேப்பா? எந்த ஆய்வக சர்ட்டிஃபிகேட்? திருப்பிக் கொடுத்தா எவ்வளவு? மூணும் எழுத்தில் வரணும். கேள்வி கேட்டா நல்ல கடைக்காரர் கோச்சுக்க மாட்டார். கோச்சுக்கிட்டா... கடையை மாத்துங்க பாஸ்!